திறந்தால் மூட வேண்டும்

இது நடந்து இரண்டு வருடம் இருக்கும். கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறக்கும் சமயம். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. அன்று காலை எனக்கு ஒரு நேர்காணல், வீட்டிலிருந்தபடியே கணினி வழியாக. தில்லைநகரில் இருக்கும் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம். கல்யாணத்தோடு வேலையை விட்டவளுக்கு, மகள் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு வந்திருக்கும் முதல் வாய்ப்பு. அதற்கு அழைக்காத ஒருவரும் வந்து சேர்ந்தார். அவர் எப்படி உள்ளே வந்தார் என்பது புரிய வேண்டுமானால், முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

என் வீட்டுக்காரர் நல்லவர். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது, சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூடச் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். ஆனால் திறந்த எதையும் மூட மாட்டார். பேஸ்ட், பீரோ, பிரிட்ஜ், குழாய், செய்தித்தாள், எல்லாம் அவர் விட்ட இடத்தில் விட்டபடி கிடக்கும். இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஊறுகாய் பாட்டில் விஷயம்தான் என்னால் முடியாது. மூடியை எடுத்து பாட்டில்மேல் வைப்பார், திருக மாட்டார். பார்வைக்கு மூடியிருப்பது போலவே இருக்கும். நம்பி மூடியைப் பிடித்துத் தூக்கினால் மூடி மட்டும் கையோடு வரும். பாட்டில் தரையில். எங்கள் சமையலறைத் தரையில் எலுமிச்சை ஊறுகாய், மாவடு, ஆவக்காய் எல்லாம் கொட்டி முடிந்துவிட்டது.

நான் அதற்கு நேர் எதிர். கேஸ் அடுப்பை மூடிவிட்டு, மூடியாகிவிட்டதா என்று பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஸ்டாப் வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பேன். இது பிறவிக் குணம் மட்டுமில்லை, படிப்பும் சேர்ந்தது. நான் கல்லூரியில் சி என்ற கணினி மொழி படித்த காலத்தில், ஃபைல் பாடம் எடுத்த மேடம் ஒரு விஷயத்தில் மகா கண்டிப்பு. நிரலில் ஒரு ஃபைலைத் திறந்தால், வேலை முடிந்ததும் மூடுகிற வரியை நீயே எழுத வேண்டும். எழுதுவதெல்லாம் உடனே போய் ஃபைலில் உட்காராது, மூடும்போதுதான் கடைசி மிச்சமும் போய்ச் சேரும் என்பார். மூடுகிற வரி இல்லாத விடைத்தாளுக்கு மதிப்பெண்ணே போட மாட்டார். நான் திறக்கிற வரியை எழுதிய கையோடு மூடுகிற வரியையும் எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் நடுவில் இருப்பதை எழுதுவேன். சென்னையில் வேலை பார்த்தபோதும் அப்படித்தான்.

மறுபடி வேலைக்குப் போகலாம் என்று முடிவு செய்தபோது, இப்போது எல்லோரும் பைத்தான்தான் எழுதுகிறார்கள் என்று மகள் சொன்னாள். பைத்தான் என்றால் மலைப்பாம்பு, பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உதறல். வீட்டுக்காரர் தைரியம் சொன்னார்.

"ரங்கநாதரே பாம்பு மேலதான் நிம்மதியா படுத்திருக்கார். நீ ஏம்மா பயப்படற?"

சொல்லிவிட்டு ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்து ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, மூடியை மேலே வைத்துவிட்டுப் போனார். திருகவில்லை.

விடுதியிலிருந்து மகள் போனிலேயே பாடம் எடுத்தாள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று, அதன் முகவரியை எழுதுவது எப்படி என்பதில் எனக்குச் சிரமமே இல்லை. அடையவளஞ்சான் வீதிக்குள் சித்திரை வீதி, அதற்குள் உத்திர வீதி என்று கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தவளுக்கு இதை யாராவது கற்றுக்கொடுக்க வேண்டுமா? முன்பெல்லாம் இந்தப் பெயர்களை வெறும் எழுத்துகளாக ஒட்ட வேண்டும், நடுவில் ஒரு சாய்கோடு விட்டுப்போனால் சித்திரையும் உத்திரமும் ஒட்டிக்கொண்டு உலகத்திலேயே இல்லாத ஒரு வீதி உண்டாகிவிடும். இப்போது அந்தக் கவலையும் இல்லையாம், பைத்தானே பார்த்துச் சேர்த்துக்கொள்ளுமாம். சரி, நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த பாடத்தில்தான் தகராறு வந்தது.

அவள் அனுப்பியிருந்த மாதிரி நிரலில் ஃபைலைத் திறந்திருந்தாள். மூடவே இல்லை. எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே போன் போட்டேன்.

"மூடற வரி எங்கடி?"

"அம்மா, இப்பல்லாம் யாரும்மா குளோஸ் எழுதறாங்க? மேல வித்னு போட்டிருக்கேன் பாரு. அதுக்குக் கீழ தள்ளி எழுதியிருக்கிற வேலை முடிஞ்சதும் அதுவே மூடிக்கும்."

"அதுவே எப்படி மூடிக்கும்? யாராவது மூடணும்ல?"

"பைத்தானே பின்னாடி வந்து மூடிடும்மா. நீ கவலைப்படவே வேண்டாம்."

"உங்கப்பாவுக்கு நான் மூடற மாதிரியா?"

அந்தப் பக்கம் விடுதி அறை முழுவதும் சிரித்தது. போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வித் என்பது சோம்பேறிகளுக்காகக் கண்டுபிடித்தது என்று முடிவு கட்டிவிட்டேன். மகளுக்காக வித் போட்டு எழுதிப் பழகினாலும், கீழே குளோஸ் என்று என் கையால் ஒரு வரி சேர்த்துவிடுவேன். ஏற்கனவே மூடிய ஃபைலை மறுபடி மூடினால் பைத்தான் ஒன்றும் சொல்லாது. பூட்டிய பூட்டை இழுத்துப் பார்க்கிற சுகம் எனக்கு அதில் கிடைத்தது.

நேர்காணல் நாளன்று வீட்டுக்காரர் எனக்காக விடுப்பு போட்டிருந்தார். மின்சாரம் போனால் பார்த்துக்கொள்ள, வாசல் மணி அடித்தால் ஓடிப்போய்த் திறக்க ஒரு ஆள் வேண்டுமே. நான் அவரிடம் தெளிவாகச் சொல்லியிருந்தேன்: சத்தம் வரக்கூடாது, டிவி கூடாது, முக்கியமாக உங்கள் போன் இந்த அறைக்குப் பக்கத்தில் அடிக்கவே கூடாது. ஒன்று விடாமல் தலையாட்டினார். நான் படுக்கையறையில் மேஜை போட்டு, நல்ல பருத்திப் புடவை கட்டி, பொட்டைச் சரிசெய்து உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பீரோவும், அறைக் கதவும். கதவைச் சாத்தியிருக்கலாம். காற்றுக்காகத் திறந்து வைத்தேன். ஆமாம், நான்தான்.

திரையில் ஒரு இளைஞர் வந்தார். கண்ணாடி போட்டிருந்தார், மரியாதையாகப் பேசினார்.

"வணக்கம் மேம். டென்ஷன் ஆகாதீங்க. சின்னதா ஒரு புரோகிராம்தான். ஒரு ஃபைல்ல வரிக்கு ஒரு எண் இருக்கு. எல்லாத்தையும் படிச்சு, கூட்டி, விடையை இன்னொரு ஃபைல்ல எழுதணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றதும்தான் எனக்கு எல்லாம் மறந்தது. நெஞ்சு படபடக்க ஆரம்பித்தால் மனிதர்களுக்குத் தாய்மொழி வருமாம், எனக்குக் கல்லூரி மேடம் வந்தார். கை தன்பாட்டில் பழைய முறையில் ஓடியது. ஓப்பன் எழுதினேன், அதே கையோடு கீழே குளோஸ் எழுதினேன், பிறகு நடுவில் மற்றதை நிரப்பினேன். ஓடியது. விடையும் சரியாக வந்தது. அவர் தலையாட்டிவிட்டுத் தயங்கினார்.

"விடை கரெக்ட் மேம். ஆனா இது பழைய முறை. வித் ஏன் போடலை?"

"நான் மூட மறக்க மாட்டேங்க." இதைக் கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன்.

"மறக்கறதைப் பத்திக் கேக்கலை மேம். திறந்துட்டீங்க, நடுவுல ஏதாவது ஆயிடுச்சுன்னா?"

நடுவில் என்ன ஆகும்? எனக்குக் கேள்வியே புரியவில்லை. திறந்தால் மூட வேண்டும், மூடியிருக்கிறேன், இதில் நடு எங்கிருந்து வந்தது? யோசிப்பது போல நெற்றியைத் தேய்த்தேன். அந்த நேரத்தில் அவர் முகம் மாறியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேம்... பின்னாடி பாருங்க."

"பார்த்துட்டேங்க. பின்னாடி குளோஸ் இருக்கு."

"இல்ல மேம், பின்னாடி..."

"கடைசி வரிங்க. இதோ, கர்சரை வச்சுக் காட்டறேன்."

"குளோஸ் இல்ல மேம், ஓப்பன்! கதவு ஓப்பனா இருக்கு! உள்ள வந்துடுச்சு!"

திரும்பினேன். பீரோவுக்குப் பக்கத்தில், எங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கட்டிக்கொண்டு ஒரு குரங்கு நின்றிருந்தது. சின்னக் குரங்கு இல்லை. குடும்பஸ்தன் மாதிரி இருந்தது. அது என்னையும் பார்த்தது, திரையில் இருந்தவரையும் பார்த்தது. பிறகு சாவகாசமாக பாட்டிலின் மூடியைப் பிடித்துத் தூக்கியது.

மூடி மட்டும் கையோடு வந்தது. பாட்டில் தரையில் விழுந்து உருண்டது. ஹார்லிக்ஸ் பொடி மேஜை, புடவை, கீபோர்டு, குரங்கு என்று பாரபட்சம் இல்லாமல் பறந்தது. கையில் இருக்கும் மூடியையும் கீழே கிடக்கும் பாட்டிலையும் அது மாறி மாறிப் பார்த்தது. அந்த முகத்தில் தெரிந்த கசப்பு எனக்குப் புதிதில்லை. இத்தனை வருடக் கல்யாண வாழ்க்கையில் என் மனநிலையை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் அதுதான்.

"என்னங்க!" என்று நான் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். வீட்டுக்காரர் வீட்டில் இல்லை! வாசல் கதவும் திறந்து கிடந்தது. குரங்கு மேஜைக்கு ஒரு அடி நெருங்கி கணினியில் கை வைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பயத்தினால் இல்லை. இந்த ஒரு வாய்ப்புக்காக நான் படித்த படிப்பென்ன, பழகிய பழக்கமென்ன, இப்படியா போக வேண்டும்?

"மேம், வேணும்னா கட் பண்ணிட்டு இன்னொரு நாள் பார்க்கலாமா?"

இன்னொரு நாள் என்று சொன்னால் அது வராது என்பது என் வயதில் எல்லோருக்கும் தெரியும். "வேண்டாங்க! கட் பண்ணாதீங்க! இருங்க, இதோ வந்துட்டேன்" என்றேன், எழுந்திருக்காமலே. எழுந்தால் குரங்கு என்ன செய்யுமோ.

அதற்குள் கீழேயிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தார் வீட்டுக்காரர். கையில் போன். நிலைமையைப் பார்த்தார். ஒரு குடையை எடுத்துக்கொண்டு குரங்கின் எதிரே வந்து, அடிக்க மனமில்லாமல், கைகூப்பாத குறையாக நின்றார்.

"ஆஞ்சநேயா, நல்லபடியா போயிட்டு வாப்பா."

"வான்னு சொல்லாதீங்க! வெறும் போ போதும்!"

"வெறும் போன்னு எப்படிம்மா சொல்றது? அபசகுனம் இல்ல?"

குரங்கு எங்கள் சண்டையைக் கொஞ்ச நேரம் கேட்டது. இந்த வீட்டில் நிம்மதி கிடையாது என்று தோன்றியிருக்க வேண்டும். மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு, வந்த வழியே சமையலறைக்குள் போய், பின்பக்க பால்கனிக் கதவு வழியாக மொட்டை மாடிக்கு ஏறிவிட்டது. அந்தக் கதவு அகலத் திறந்திருந்தது.

நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் பாதி கரைந்துவிட்டார்.

"துண்டு எடுக்கத்தாம்மா திறந்தேன். எடுத்துட்டு, சாத்தலாம்னு கையைக்கூட வச்சுட்டேன். சத்தியமா. அப்பப் பார்த்து போன் அடிச்சுது. ஆபீஸ்லேர்ந்து. உனக்குத் தொந்தரவாயிடுமேன்னு அப்படியே கீழ ஓடிட்டேன்."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் நிறுத்திக்கொண்டேன். அவர் மறக்கவில்லை. கதவில் கை வைத்திருக்கிறார். நடுவில் ஒன்று வந்துவிட்டது, அதுவும் என்னை நினைத்துத்தான் ஓடியிருக்கிறார். மூடுகிற இடத்துக்கு அவர் வந்து சேரவே இல்லை. இத்தனை வருடமாக இவருக்கு அலட்சியம் என்று நான் எழுதி வைத்திருந்த தீர்ப்பு கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஊறுகாய் பாட்டிலுக்கு இந்த மன்னிப்பு கிடையாது, அது வேறு வழக்கு.

நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். அந்த இளைஞர் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. என் தலையெல்லாம் ஹார்லிக்ஸ்.

"நடுவுல ஏதாவது ஆச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டீங்கல்ல. ஆயிடுச்சுங்க" என்றேன்.

அவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். நான் விடவில்லை. கீபோர்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுச் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர் கதவைத் திறந்தார். மூடறதுக்கும் கை வச்சார். நடுவுல போன் வந்துடுச்சு. மூடற வரி அடுத்த வரியாத்தான் இருந்தது, ஆனா அதுவரைக்கும் அவர் போகவே இல்லீங்க. என் புரோகிராம்லயும் அதே கதைதான். நடுவுல ஒரு வரியில எண்ணுக்குப் பதிலா ஏதோ எழுத்து இருந்தா, அங்கேயே தடுக்கி விழுந்துடும். கீழ நான் எழுதி வச்ச குளோஸுக்கு வேலையே வராது. ஃபைல் திறந்தே கிடக்கும்."

"அப்போ வித் போட்டா போன் வராதா மேம்?"

"போன் வரத்தாங்க செய்யும். ஆனா கதவைச் சாத்தாம கீழ ஓட விடாது."

சொல்லிக்கொண்டே எழுதியதை அழித்து, வித் போட்டு மறுபடி எழுதினேன். குளோஸ் எழுத விரல் துறுதுறுத்தது, கஷ்டப்பட்டு அடக்கிக்கொண்டேன். அவர் வேறு சில கேள்விகளும் கேட்டார். சிலதற்குப் பதில் சொன்னேன், சிலதற்குத் தெரியாது என்றேன். முடிக்கும்போது, "எங்க வீடு மண்ணச்சநல்லூர் மேம், ரைஸ் மில் பக்கம். எங்க வீட்டுலயும் இந்த ஆஞ்சநேயருங்க தொல்லை உண்டு. எங்கம்மா வத்தல் காயப்போட்டா கூடவே நானும் காவலுக்கு நின்னு காயணும்" என்றார். அந்தப் பேச்சில் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வேலை கிடைத்தது. குரங்குக்காகக் கொடுத்தார்களா, எனக்காகக் கொடுத்தார்களா என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்று அந்த அலுவலகத்தில் புதிதாக யாராவது ஓப்பன், குளோஸ் என்று தனித்தனியாக எழுதினால், "குரங்கு வரும்" என்றுதான் சொல்கிறார்கள். சொல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என்னைக் கை காட்டுவார்கள்.

வீட்டுக்காரர் அந்த வாரமே பெரிய கடைவீதிக்குப் போய் ஒரு டோர் குளோசர் வாங்கி வந்து பால்கனிக் கதவில் பொருத்தினார். திறந்து கையை விட்டால் கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொள்ளும். "இதுதாம்மா உன் வித்" என்று பெருமையாகத் திறந்து காட்டி, துண்டு எடுக்க வெளியே போனார். கதவு தன் கடமையைச் செய்தது, உள்பக்கத் தாழ்ப்பாளும் விழுந்துவிட்டது. நான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து திறந்துவிடும் வரை கைலியோடு பால்கனியில் நின்றுகொண்டிருந்தார்.

இதையெல்லாம் விட எனக்கு மறக்காதது வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். காலையில் டிபன், டப்பா, புடவை மடிப்பு என்று ஒரே ஓட்டம். பஸ் ஏறி, காவிரிப் பாலத்தின் நடுவில் போகும்போதுதான் சுரீரென்று நினைவு வந்தது. மாவடு பாட்டிலைத் திறந்தேன், டப்பாவில் போட்டேன், பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று ஓடி வந்துவிட்டேன். மூடவில்லை. நான்! பதறிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, மாவடு பாட்டில்..."

"மூடிட்டேம்மா."

நம்பிக்கை வராமல், "ம்..." என்று இழுத்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"திருகியும் வச்சுட்டேன். நீ நிம்மதியா போயிட்டு வா."

போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தேன். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றைத் திறந்தபடி போட்டுவிட்டு, பின்னாலேயே ஒருவர் வந்து மூடுவார் என்று நம்பி நடப்பது இத்தனை சுகமா! என் வீட்டில் எல்லோரும் காலமெல்லாம் அனுபவித்து வந்த அந்தச் சுகம் எனக்கு அன்றுதான் கிடைத்தது. இன்றும் நிரலில் வித் என்று எழுதி, மூடுகிற வரியை எழுதாமல் கையை எடுக்கும்போதெல்லாம், திருகியும் வச்சுட்டேன் என்ற அந்தக் குரல் கேட்கிறது, அப்புறம் நான் திரும்பிப் பார்ப்பதில்லை.